மருத்துவமனையில் யாருக்கு ரிஸ்க் அதிகம்? நாகலூர் முதல் பர்மிங்ஹாம் வரை கொரோனா காட்டிய கணக்கு

ஒரு சின்ன கணக்கு போடலாம், வாங்க.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போறீங்க. அங்கிருந்து காபித் தோட்டங்களையும் மிளகுக் கொடிகளையும் தாண்டி நாகலூர். போன இடத்தில் காய்ச்சல், விடாத இருமல். ஊரில் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போறீங்க. மாஸ்க்? அது பையில் எங்கேயோ அடியில் கிடக்கு.

இப்போ உங்க இருமல் எத்தனை பேரைத் தொடுதுன்னு எண்ணிப் பாருங்க. பெயர், வயசு கேட்டு ஓ.பி. சீட்டு எழுதுபவர் ஒருவர். பி.பி., ஜுரம் பார்க்கும் செவிலியர் இரண்டு. தொண்டையைப் பார்க்க "வாயைத் திறங்க" என்று சொல்லும் டாக்டர் மூன்று. ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன் நான்கு. மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு சொல்லிக் கொடுக்கும் மருந்தாளுநர் ஐந்து. நீங்க கிளம்பின பிறகு நீங்க உட்கார்ந்த பெஞ்சைத் துடைத்து, நீங்க கீழே விட்டுப்போன டிஷ்யூவை எடுக்கும் தூய்மைப் பணியாளர் ஆறு.

இந்த ஆறு பேரில் யாருக்கு ரிஸ்க் அதிகம்?

"டாக்டருக்குத்தான்" என்று சட்டென்று சொல்லத் தோணும். கொரோனா என்றதும் நம் மனசில் வரும் படம் அது. ஐ.சி.யூ., தலை முதல் கால் வரை மூடிய பிபிஇ உடை, வென்டிலேட்டர். ஆனால், எண்கள் அந்தப் படத்தோடு முழுசா ஒத்துப்போகவில்லை. அதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலில் நாம் நடந்துகொள்ளும் விதமே மாறும்.

பர்மிங்ஹாமில் ஓர் ஆச்சர்யம்

2020 ஏப்ரல் 24, 25. இங்கிலாந்தில் முதல் அலை உச்சத்தில் இருந்த நேரம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், அறிகுறி எதுவும் இல்லாமல் வேலைக்கு வந்திருந்த 516 ஊழியர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இவர்களில் யாருக்கெல்லாம் கொரோனா ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது என்பதுதான் கேள்வி. மொத்தத்தில் 24.4 சதவிகிதம் பேருக்கு வந்துபோயிருந்தது.

துறை வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஆச்சர்யம். கொரோனா நோயாளிகளின் தொண்டையில் குழாய் போட்டுக்கொண்டிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் 14.8 சதவிகிதம். அதாவது, இருப்பதிலேயே குறைந்த அளவில் ஒன்று. துடைப்பமும் வாளியுமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்த பணியாளர்களிடம் 34.5 சதவிகிதம். அதுதான் இருப்பதிலேயே அதிகம். 'அக்யூட் மெடிசின்' பிரிவில் 33.3 சதவிகிதம்.

ஐ.சி.யூ-வில் ஆபத்து இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே ஆபத்து அதிகம்னு எல்லாருக்கும் தெரியும். அதனால் நல்ல மாஸ்க், முழு உடை, பயிற்சி எல்லாம் முதலில் அங்கேதான் போனது. 'இங்கே பெருசா ஒண்ணுமில்ல' என்று நினைத்த வார்டுகளிலும் தாழ்வாரங்களிலும் சாதாரண மாஸ்க்கோடு வேலை நடந்தது. வைரஸ் அந்த இடைவெளியில் புகுந்தது.

நம்ம நாட்டுக் கணக்கு என்ன?

ஐ.சி.எம்.ஆர். நடத்திய மூன்றாவது தேசிய ஆய்வு 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் நடந்தது. தடுப்பூசி பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது. 7,000-க்கும் மேற்பட்ட சுகாதார ஊழியர்களின் ரத்தம் பரிசோதிக்கப்பட்டது. 25.7 சதவிகிதம் பேருக்கு கொரோனா வந்துபோனதன் அடையாளம் இருந்தது. பொதுமக்களைவிட சில சதவிகிதம் அதிகம்.

உள்ளே பிரித்துப் பார்த்தால், டாக்டர்கள், செவிலியர்கள் 26.6 சதவிகிதம். லேப், எக்ஸ்ரே போன்ற துணை மருத்துவப் பணியாளர்கள் 25.4. வீடு வீடாகப் போன களப்பணியாளர்கள் 25.3. அலுவலக வேலை பார்க்கும் நிர்வாகப் பணியாளர்கள் 24.9.

கவனிச்சீங்களா? நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பவருக்கும், மேஜையில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் எழுதுபவருக்கும் இரண்டு சதவிகித வித்தியாசம்கூட இல்லை. எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில்தான் தொற்றியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பஸ்ஸில், வீட்டில், கடையில் என்று எங்கும் தொற்றியிருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். 'நான் நோயாளியைத் தொடுறதில்லையே' என்பது பாதுகாப்பு இல்லை.

ஆபத்தை முடிவு செய்யும் மூன்று விஷயங்கள்

முதலாவது, நெருக்கமும் நேரமும். மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போது நோயாளியின் முகத்துக்கு மிக அருகில் இருக்கணும். 2020-ல் ஐ.சி.எம்.ஆர். தொற்று வந்த 378 சுகாதார ஊழியர்களையும் தொற்று வராத 373 பேரையும் ஒப்பிட்டது. இந்தக் குழாய் செருகும் வேலையைச் செய்தவர்களுக்குத் தொற்று வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் பிபிஇ அணிந்தவர்களுக்கு வாய்ப்பு குறைந்ததும் தெரிந்தது. டாக்டர், செவிலியரின் ஆபத்து கற்பனை இல்லை. அது உடையாலும் பயிற்சியாலும் குறைக்கக்கூடிய ஆபத்து.

இரண்டாவது, உடை யாருக்குக் கிடைக்கிறது என்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு மொபைல் ஆப் மூலமாக லட்சக்கணக்கானவர்களிடம் தகவல் திரட்டிய ஆய்வு 2020-ல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் முன்களச் சுகாதார ஊழியர்களுக்கு ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். பிபிஇ போதாமல் இருந்தவர்களுக்கும், ஒரே உடையைத் திரும்பத் திரும்பப் போட்டவர்களுக்கும் அதைவிட அதிகம்.

மூன்றாவது, காற்று. கொரோனா வைரஸ் மூச்சுக்காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும். ஜன்னல் இல்லாத அறையில் அது தேங்கி நிற்கும். அதனால்தான் மாஸ்க்கைக் கழற்றி நான்கு பேர் சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் ஓய்வறையும் ஆபத்தான இடமாகிறது. வார்டில் எட்டு மணி நேரம் கவனமாக இருந்துவிட்டு, "வா, ஒரு டீ குடிக்கலாம்" என்று உட்காரும் பத்து நிமிஷத்தில் அத்தனை கவனமும் வீணாகலாம். எதிரே இருப்பவர் நோயாளி இல்லை, நம்ம ஆள் என்ற எண்ணம் வேற. அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவும் நோயில் இந்த எண்ணம் எடுபடாது.

மலைமேல் கணக்கு மாறும்

இப்போ மறுபடியும் நாகலூருக்கு வாங்க. சேர்வராயன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனியும் சாரலும் இருக்கும் நாளில் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவதுதான். சேலத்தில் வெயிலுக்குத் திறந்து வைக்கும் ஜன்னல், மலையில் குளிருக்கு மூடிவிடும். காற்றில் பரவும் நோய்களை சமாளிக்க வேண்டிய வார்டுகளில், ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று வரணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழாய் செருகுவது போன்ற வேலை நடக்கும் இடம் என்றால் 160 லிட்டர். ஜன்னல்களைத் திறந்து வைப்பதுதான் இதற்கு இருப்பதிலேயே மலிவான வழி. குளிர் அதைத்தான் முதலில் பறிக்கிறது.

அடுத்தது, ஆள் எண்ணிக்கை. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு செவிலியருக்குத் தொற்று வந்தால் இன்னொரு வார்டிலிருந்து ஆள் வருவார். சின்ன நிலையத்தில் ஒருவர் தனிமைக்குப் போனாலே தடுப்பூசி நாள், கர்ப்பிணிகள் பரிசோதனை, சுகர் மாத்திரை எல்லாம் தடுமாறும். அடுத்த இடம் என்றால் ஏற்காடு, அதற்கும் மேல் என்றால் மலை இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை.

இரண்டாவது அலையில் அந்தச் சேலமே திணறியது. 2021 மே 20-ம் தேதி, சேலம் இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜன் வசதியோடு 500 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையத்தைத் திறக்க வேண்டிவந்தது. அந்த நாள்களில் மலைமேல் ஒரு சுகாதார ஊழியருக்குத் தொற்று வராமல் தடுப்பது என்பது, அவர் ஒருவரின் உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. சுற்றியிருக்கும் அத்தனை கிராமங்களுக்கும் மருத்துவம் தொடர்ந்து கிடைப்பது சம்பந்தப்பட்டது.

மலைமேல் இன்னொரு வகை ஊழியர்களும் இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், 108 ஆம்புலன்ஸ் பணியாளர்கள். அவர்களுடைய வேலையிடம் உங்க வீட்டுத் திண்ணையும், கதவு சாத்திய ஆம்புலன்ஸின் உள்பக்கமும். வளைவு வளைவாக மலை இறங்கும் வண்டியில் நோயாளியும் அவசர மருத்துவ உதவியாளரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

வேலூர் சொன்ன நல்ல சேதி

எல்லாமே பயமுறுத்தும் கதை இல்லை. 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது முதல் வரிசையில் நின்றவர்கள் சுகாதார ஊழியர்கள். பலருக்குத் தயக்கமும் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன்னுடைய ஊழியர்களையே வைத்து ஒரு கணக்கு எடுத்தது. 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் 8,991 பேர் ஏப்ரல் இறுதிக்குள் தடுப்பூசி போட்டிருந்தார்கள். பெரும்பாலும் கோவிஷீல்டு.

இரண்டாவது அலை வந்தபோது இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது: தொற்றிலிருந்து 65 சதவிகிதம், மருத்துவமனையில் சேர்வதிலிருந்து 77 சதவிகிதம், ஆக்சிஜன் தேவைப்படுவதிலிருந்து 92 சதவிகிதம், ஐ.சி.யூ-வுக்குப் போவதிலிருந்து 94 சதவிகிதம். தடுப்பூசி தொற்றை முழுசா நிறுத்தவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தைப் பெருமளவு தடுத்தது. ஊழியர்கள் படுக்கையில் விழாமல் இருந்ததால்தான் மருத்துவமனை இயங்கியது என்பதையும் சேர்த்துப் புரிஞ்சுக்கணும்.

யாரை எண்ணினோம்? யாரை விட்டோம்?

2020 ஏப்ரல் 19. சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அடக்கம் செய்ய எடுத்துப்போன இடத்தில் எதிர்ப்பு, கல்வீச்சு. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான டாக்டர் பிரதீப், இரண்டு வார்டு பணியாளர்களின் துணையோடு நள்ளிரவில் அடக்கம் செய்தார். அதன் பிறகு, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

டாக்டர்கள் இருவரின் பெயரும் நமக்குத் தெரியும். தெரியத்தான் வேண்டும். அந்த இரவில் குழியில் மண்ணைத் தள்ளிய இரண்டு வார்டு பணியாளர்களின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி உணர்ச்சிக்காக மட்டும் இல்லை. 2020 செப்டம்பரில், கொரோனாவால் இறந்த சுகாதார ஊழியர்களின் எண்ணிக்கையை மத்திய அளவில் பராமரிப்பதில்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. உடனே இந்திய மருத்துவச் சங்கம் 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது. டாக்டர்களுக்குச் சங்கம் இருந்தது, பட்டியல் வந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வந்து தரை துடைத்தவருக்கு அப்படிப் பட்டியல் போட யார் இருந்தார்கள்? 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுக்க சுமார் 1,15,500 சுகாதார ஊழியர்கள் இறந்திருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 80,000 முதல் 1,80,000 வரை என்று விரியும் மதிப்பீடு. எண்ணாததன் விளைவு அது.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலில், பணியில் தொற்றி இறப்பவர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய், ஒருவருக்கு அரசு வேலை என்று அறிவிப்பு வந்தது. 2021 மே மாதம் 43 பேரின் குடும்பங்களுக்கு அறிவிக்கப்பட்டது தலா 25 லட்சம். அதே நேரத்தில் மூன்று மாத ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். டாக்டர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்ற பணியாளர்களுக்கு 15,000. டாக்டருக்குக் கொடுத்தது தப்பில்லை. ஆனால் பர்மிங்ஹாம் கணக்கையும் இந்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. தொகை படிப்பையும் பதவியையும் பார்த்துப் போகுது. வைரஸ் அதைப் பார்க்கலை.

கொரோனா காலத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களில் 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிக்கப்பட்டது. புத்தாண்டு பிறந்ததும் அவர்கள் போராட்டத்துக்குத் திரண்ட ஊர்களில் சேலமும் ஒன்று. கைதட்டி, விளக்கேற்றி நாம் கொண்டாடியவர்களில் அவர்களும் அடக்கம்.

'தொழில் நோய்' என்ற சொல் ஏன் முக்கியம்?

பட்டாசு ஆலையில் கை போனால் அது வேலையில் நடந்த விபத்து என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது. "உனக்கு ஆஸ்பத்திரியில்தான் தொற்றியதுன்னு என்ன நிச்சயம்?" என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். அங்கேதான் 'தொழில் நோய்' என்ற சொல் உதவிக்கு வரும். 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே, தொற்று ஆபத்துள்ள மருத்துவமனை, ஆய்வக வேலைகளில் வரும் தொற்றுநோய்கள் தொழில் நோய்களாக இடம்பெற்றிருந்தன. 2025 ஜூனில் ஜெனிவாவில், வேலையிடத்தில் கிருமி போன்ற உயிரியல் ஆபத்துகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சர்வதேச உடன்படிக்கையை உலகத் தொழிலாளர் அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதன் எண் 192.

மத்திய அரசின் 50 லட்சம் ரூபாய் காப்பீடும் 2020 மார்ச் 30 முதல் இருந்தது. சுமார் 22 லட்சம் பேருக்கானது. ஒப்பந்தப் பணியாளரும் தினக்கூலியும்கூட அதில் அடக்கம். ஆனால் குடும்பம் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊரடங்கில் கிளினிக்கைத் திறந்து வைத்து, தொற்றி இறந்த தனியார் மருத்துவர்களின் குடும்பங்கள் இதற்காக நீதிமன்றம் ஏறின. 2025 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம், தனிப்பட்ட உத்தரவுக் கடிதம் இல்லை என்பதற்காக அவர்களை ஒதுக்க முடியாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஆனால் கோவிட் பணியின்போதுதான் இறந்தார் என்பதற்கான ஆதாரத்தைக் குடும்பம்தான் காட்டணும்.

இதைப் படிக்கும் உங்களில் நர்சிங் படிப்பவர், லேப் டெக்னீஷியன், பார்மசி முடித்தவர், 108-ல் வேலைக்குச் சேர்ந்தவர் இருப்பீங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை. எந்த நாள், எந்த வார்டில், யாருடைய உத்தரவின் பேரில் வேலை பார்த்தீங்க என்பதை எழுதி வையுங்க. டியூட்டி சார்ட்டை மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்க. ஊசி குத்தினாலோ, மாஸ்க் இல்லாமல் தொற்று நோயாளியைப் பார்க்க நேர்ந்தாலோ அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்க. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸையும் முடிச்சுடுங்க. கொரோனா ஓய்ந்தாலும் காசநோய் ஓயவில்லை. அதுவும் இதே மூச்சுக்காற்றில்தான் வருது.

சரி, நோயாளியா போற நாம என்ன செய்யலாம்?

2023 மே 5-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் 2025 மே, ஜூன் மாதங்களிலும் நாட்டில் கொரோனா எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஃப்ளூ ஒவ்வொரு வருஷமும் வருது. அதனால் இந்தப் பழக்கங்கள் எப்போதும் உதவும்.

• இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாஸ்க் போடுங்க. டாக்டர் அறைக்குள் போகும்போது போடுவது தாமதம். அதற்குள் சீட்டு எழுதுபவரையும் செவிலியரையும் தாண்டி வந்திருப்பீங்க.

• சீட்டு வாங்கும்போதே "இருமல் இருக்கு" என்று சொல்லிடுங்க. உங்களைத் தனியாக உட்கார வைக்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

• துணைக்கு ஒருவர் போதும். குடும்பமே சேர்ந்து போனால் அத்தனை பேரின் மூச்சும் அந்த அறையில்தான்.

• குளிருது என்று காத்திருக்கும் இடத்தின் ஜன்னலைச் சாத்தாதீங்க. ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.

• பயன்படுத்திய மாஸ்க், டிஷ்யூ, பஞ்சு எதையும் பெஞ்சுக்கு அடியில் செருகாதீங்க. எந்தத் தொட்டியில் போடணும்னு கேட்டுப் போடுங்க. நீங்க செருகுவதைக் கையால் எடுப்பவர் ஒருவர் இருக்கிறார்.

• வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பேசும்போது, ஜுரம் இருந்தால் உள்ளே கூப்பிடாமல் திண்ணையில் நின்று பேசுங்க. அது மரியாதைக் குறைவு ஆகாது.

முதலில் போட்ட கணக்குக்கே வருவோம். ஆறு பேரில் யாருக்கு ரிஸ்க் அதிகம் என்று கேட்டோம். பாதுகாப்பு யாருக்குக் குறைவோ அவருக்கு. பெரும்பாலும் அது வரிசையில் முதலில் சீட்டு எழுதுபவரும், கடைசியில் தரை துடைப்பவரும். பிபிஇ உடையும் இழப்பீடும் அரசு கொடுக்க வேண்டியது, அதைக் கேட்டு வாங்கணும். பையின் அடியில் கிடக்கும் அந்த மாஸ்க் மட்டும் நம்ம கையில் இருக்கு. அடுத்த முறை இருமலோடு போகும்போது, வாசலிலேயே எடுத்துப் போட்டுக்கோங்க.